தட்டிப் பார்க்கும் கையும் ஓடிப் பார்க்கும் வண்டியும்

சந்தையிலே மட்குடம் வாங்கும் மூதாட்டியைக் கண்டிராதார் நம்முள் எவருமிலர். குடத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ‘கணீர்’ என்று ஒலித்தால் விலை பேசுவாள். ‘பொத்’தென்று ஒலித்தால் அதனை அவ்விடத்தே வைத்துவிட்டு அடுத்த குடத்தை எடுப்பாள். குயவன் எத்துணை அழகாக மெருகிட்டு வைத்திருப்பினும் அவள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கண்ணுக்கு அகப்படாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடும் என்பது அவள் அறிந்த சாஸ்திரம்.

மலையைக் குடைந்து அமைத்த சுரங்கவழிகளின் உட்சுவரைச் சோதிக்கும் தொழிலாளர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. சுரங்கவழி என்பது வெறுந் துளையன்று. குடைந்த பாறை இடிந்து வீழாதபடியும், மலைநீர் பாதையில் ஒழுகாதபடியும், அதனுள்ளே வில்போல் வளைந்த சுவரொன்று அமைப்பர். முற்காலத்தில் அது செங்கல்லாலும் கருங்கல்லாலும் ஆகியிருந்தது. இக்காலத்திற் பெரும்பாலும் கான்கிரீட்டு. அக்கான்கிரீட்டு நாளடைவில் வெடிக்கும், நீர் கசியும், சிலவிடங்களில் மேற்பகுதி உள்ளேயே பிரிந்து, பார்வைக்கு மட்டும் ஒட்டியிருப்பதுபோல் நிற்கும். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே கொடியது. அதனைக் கண்டுபிடிக்கும் பழைய உபாயம் சுத்தியல். நல்ல சுவர் தெளிந்த ஒலி தரும். உள்ளே பிரிந்திருக்கும் சுவர் மழுங்கிய ஒலி தரும்.

சுரங்கவழி ஆயிரக்கணக்காக அமைந்த ஜப்பான் தேசத்தில் இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறதென்று நோக்குவோம். அங்குள்ள அதிவேக இரயில் பாதையில் நள்ளிரவு முதற் காலை ஆறு மணி வரையில் பிரயாணிகளின் வண்டி ஓடுவதில்லை. அந்தச் சில மணி நேரத்திற்குள்ளாகவே மேடைவண்டியின்மீது ஏறி, விளக்கைப் பிடித்து, கழுத்தை மேல்நோக்கி வளைத்து, சுவரைப் பார்த்தும் தட்டியும் செல்லவேண்டும். வெடிப்புக் கண்ட இடத்திற் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, நாளையும் நீளத்தையும் எழுதிவைப்பர். பிறகு கீழே இறங்கி அதனையே தாளில் படமாக வரைவர். மோட்டார்ப் பாதையாயின் ஒரு பக்கத்துப் போக்குவரத்தை நிறுத்தித் தூக்குமேடையை நிறுத்தவேண்டும். நான்கு மணி நேரம் அண்ணாந்து பார்த்த கண் ஐந்தாவது மணியில் எத்துணை கூர்மையாயிருக்கும் என்பதை, விடைத்தாள் திருத்தும் நம் ஆசிரியர்களைக் கேட்டாற் சொல்லுவர்.

இவ்வுழைப்பைக் குறைக்கவே உணர்கருவிகளைத் தாங்கிய சோதனை வண்டிகள் தோன்றின. ஒரு மோட்டார் வண்டியின்மேல் வட்டமாகப் பல காமிராக்களையும் வலிய விளக்குகளையும் அமைத்திருப்பர். மற்ற வண்டிகளோடு வண்டியாக, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டே, சுவர் முழுவதையும் அது படம்பிடித்துவிடும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய வெடிப்பும் அப்படத்தில் தெரியும். லேசர் கதிரைச் சுழற்றிச் சுவரின் வடிவத்தை அளக்கும் கருவி ஒன்று. அதனாற் சுவர் உள்நோக்கிப் பிதுங்கியிருப்பின் அறியலாம். சில வண்டிகளில் ரேடார் கருவியும் உண்டு. அதன் அலை சுவரினுள் நுழைந்து, பின்னாலுள்ள வெற்றிடத்தில் எதிரொலித்துத் திரும்பும். படங்கள் வந்து சேர்ந்தபின், எது வெடிப்பு, எது நீர்க்கறை என்று கணிப்பொறியே பிரித்துக் காட்டும்.

நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்று இப்பொழுது இத்தகைய கருவித்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் என்னோடு உரையாடுகையில், “இனி ஒருவரும் ஏணிமேல் ஏறிச் சுவரைத் தட்டவேண்டியதில்லை, ஐயா, சுத்தியலைக் காட்சிச்சாலையில் வைத்துவிடலாம்” என்றார். அவர் கூறியதிற் பாதி எனக்கு உடன்பாடு. மற்றப் பாதி உடன்பாடன்று. அப்பிரிவினை எங்கே விழுகிறதென்று காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் உடன்பாட்டைக் கூறுவேன். இவ்வண்டியின் பெருமை அதன் கண்ணில் இல்லை. அதன் நினைவிலே உள்ளது. கூரிய பார்வையுடைய தொழிலாளி ஒருவர் அருகிற் சென்று நோக்கினால், வண்டி காணுவதனைத்தையும் காண்பார். அதற்கு மேலுங் காண்பார். ஆனால் ஐந்தாண்டிற்கு முன் அவ்வெடிப்பு எவ்வளவு இருந்தது என்று அவரைக் கேட்டால், முன்னவர் வரைந்த படத்தையே புரட்டவேண்டும். அப்படமோ, மங்கிய விளக்கொளியில், களைத்த கையால், உத்தேச அளவில் வரைந்தது. ஒருவர் நேர்கோடாக வரைந்ததை மற்றொருவர் வளைகோடாக வரைவர். ஒருவர் பொருட்படுத்தாது விட்டதை மற்றொருவர் பெரிதாக எழுதுவர். வெடிப்பு வளர்ந்ததா, வரைந்தவர் மாறினாரா என்று தீர்மானிக்க இயலாது. சுவரிலே வெடிப்பு இருத்தல் குற்றமன்று. வெடிப்பில்லாத கான்கிரீட்டு உலகிலே அரிது. அது வளர்கின்றதா என்பதே வினா. இவ்வினாவிற்கு விடையளிக்க, ஒரே சுவரை ஒரே விதமாக ஆண்டுதோறும் பார்த்து எதனையும் மறவாத சாட்சி ஒன்று வேண்டும். அச்சாட்சி வண்டியே.

அந்தச் சாட்சிக்கும் தொல்லைகள் உள. சுரங்கத்தினுள் வானத்துக் கோள்களின் குறியொலி எட்டாது. ஆதலின் வண்டி தான் நிற்குமிடத்தைச் சக்கரம் சுழன்ற கணக்கைக் கொண்டும் பிற கருவிகளைக் கொண்டும் அறியவேண்டும்; அதிற் சிறிது பிழை நேர்ந்தாலும், சென்ற ஆண்டுப் படத்தை இவ்வாண்டுப் படத்தின்மேற் பொருத்துவது கடினமாகும். புகைக்கரியும், மின்கம்பியின் நிழலும், கான்கிரீட்டுப் பலகையின் தழும்பும் வெடிப்பைப்போல் தோன்றி ஏமாற்றும். முன்னைத் தொழிலாளர் உண்மையைச் சொல்வதற்காக இட்ட சுண்ணக்கோடே கணிப்பொறிக்கு வெடிப்பாகத் தோன்றுவதுமுண்டு என்பது நகைப்பிற்குரியது. ஆயினும் இவையெல்லாம் திருந்தக்கூடிய குறைகள். இவற்றைக் கொண்டு வண்டியை வேண்டாமென்பது, எழுத்துப்பிழை கண்டு அச்சுக்கூடத்தை மூடுவது போலாம்.

நிற்க. இனி உடன்படாத பாதிக்கு வருவோம். அதற்கு இரண்டு சரித்திரங்களை நினைவூட்டவேண்டும்.

1999-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், ஸான்யோ என்னும் அதிவேக இரயில் பாதையிலுள்ள புகுவோக்கா சுரங்கவழியில், ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையுள்ள கான்கிரீட்டுத் துண்டு பெயர்ந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் கூரையைத் தாக்கிற்று. பிரயாணிகளுக்கு உயிர்ச்சேதமில்லை, அஃது அவர்கள் நல்வினை. ஆராய்ந்தபோது, அச்சுவரைக் கட்டுங் காலத்திற் கான்கிரீட்டு ஊற்றுதல் இடையில் நின்றுபோய், முன் ஊற்றியது இறுகியபின் அதன்மேல் மறுபடியும் ஊற்றியதால், இரண்டும் ஒன்றாக இணையாமல் நடுவே ஒரு பொருத்து நின்றுவிட்டது தெரியவந்தது. உடனே அப்பாதை முழுவதிலும் இத்தகைய பொருத்துக்களைத் தேடினர். தேடி முடித்து, இனி அச்சமில்லை என்றனர். அதே ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், அதே பாதையில் கித்தகியூஷூ சுரங்கவழியில் மீண்டும் கான்கிரீட்டு வீழ்ந்தது. இம்முறை வீழ்ந்தது அந்தப் பொருத்தன்று. கான்கிரீட்டு ஊற்றும் வாயருகே சுவரிற் புடைத்து நின்ற வேறொரு பகுதி. அதன் பிறகே அப்பாதையிலுள்ள 142 சுரங்கவழிகளையும் சுத்தியல் கொண்டு முற்றுந் தட்டிச் சோதித்தனர்.

ஈண்டு நாம் கருதவேண்டியது யாது? ஜூன் மாதத்திற்குப் பின் சோதித்தவர் சோம்பரல்லர், குருடருமல்லர். முன்பு வீழ்ந்தது எதுவோ அதனையே தேடினர், தேடியதையே கண்டனர். கணிப்பொறிக்கு வெடிப்பைக் கற்பிக்கும் முறையும் இதுவே. பழைய படங்கள் ஆயிரக்கணக்கில் காட்டி, இது வெடிப்பு, இது வெடிப்பன்று என்று கற்பிக்கின்றனர். கற்றதை அது சோர்வின்றிக் கண்டுபிடிக்கும். கல்லாததை எங்ஙனம் கண்டுபிடிக்கும்? மனிதன் செய்த பிழையை மனிதன் ஒருவேளை உணர்ந்து திருத்திக்கொள்வான். கருவியில் ஏறிய பிழை எல்லாச் சுரங்கங்களிலும் ஒரே சமயத்தில் ஒரே விதமாக நிகழும்.

இரண்டாவது சரித்திரம் இதனினும் துயரமானது. டோக்கியோ நகரிலிருந்து மேற்கே எண்பது கிலோமீட்டர் அளவில் ஸஸாகோ என்னும் மலைச் சுரங்கம் உளது. 4.7 கிலோமீட்டர் நீளமுடையது; மோட்டார் வண்டிகளுக்காக 1977-இல் திறந்தது. காற்றோட்டத்தின் பொருட்டு அதன் வளைவின் கீழே கான்கிரீட்டுப் பலகைகளால் ஒரு தட்டுக்கூரை அமைத்திருந்தனர். ஒவ்வொரு பலகையும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. அவற்றைத் தாங்கியவை, வளைவின் உச்சியில் துளையிட்டுப் பசையால் ஒட்டிய ஆணிகள். 2012 டிசம்பர் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில், ஏறத்தாழ 140 மீட்டர் நீளத்திற்கு அக்கூரை கீழே வீழ்ந்தது. மூன்று வண்டிகள் அகப்பட்டன. ஒன்பது பேர் மாண்டனர்.

(அதே மலையில், அதே பெயருடைய இரயில் சுரங்கம் ஒன்று 1903 முதல் வழங்கிவருகிறது. பழையதெல்லாம் வீழும், புதியதெல்லாம் நிற்கும் என்று எண்ணுவார்க்கு இதனைச் சொல்லிவைத்தேன்.)

இவ்விபத்திற்குப் பிறகே சோதனை வண்டிகளுக்கு ஆதரவு பெருகிற்று. அவ்வண்டிகளைப் புகழ்வோர் எல்லாரும் முதலிற் கூறுவதும் ஸஸாகோவின் பெயரே. எம் பழைய மாணவரும் அதனையே கூறினார். ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தவறிய ஆணிகள் இருந்தது தட்டுக்கூரைக்கு மேலே, அதனின்றும் ஐந்து மீட்டருக்கு அதிகமான உயரத்தில். பாதையில் ஓடும் வண்டி காணக்கூடியது கூரையின் அடிப்பக்கத்தை மட்டுமே. இன்றுள்ள வண்டிகளிற் சிறந்ததொன்று அன்று காலை ஏழு மணிக்கு அச்சுரங்கத்தின் வழியே சென்றிருந்தாலும், ‘குற்றமில்லை’ என்றே எழுதிக்கொண்டு போயிருக்கும்! அங்கு இல்லாதிருந்தது கருவியன்று. கூரைக்குமேல் ஏறி, உச்சிவரை மேடை கட்டி, ஆணியைத் தட்டிப் பார்க்கும் வேலை 2000-ஆம் ஆண்டிற்குப் பின் நிகழவில்லை. 2012 செப்டம்பரிற் சோதனை செய்தபோதும் உச்சியைக் கீழேயிருந்து கண்ணாற் பார்த்ததோடு நின்றனர். பன்னிரண்டு ஆண்டு தட்டாத ஆணிகள் அவை.

இவ்வகை ஆணிகளைப் பற்றி உலகம் முன்னரே அறிந்திருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் சுரங்கப்பாதையொன்றில், 2006 ஜூலை 10-ஆம் நாள், இதே விதமாகப் பசையால் ஒட்டிய ஆணிகள் கழன்று கூரைப் பலகைகள் ஒரு வண்டியின்மேல் வீழ்ந்தன. ஒரு பெண்மணி இறந்தார். அந்நாட்டு விசாரணைக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், இடையறாத பாரத்தின்கீழ் அப்பசை மெல்ல மெல்ல இளகி நீண்டதென்றும், காலத்திற்குக் காலம் சோதித்திருந்தால் ஆணி இறங்குவது தெரிந்திருக்கக்கூடும் என்றும் விளங்க எழுதினர். ஆணி ஒரே நாளிற் கழலவில்லை. பல நாளாகச் சிறிது சிறிதாக இறங்கிற்று. பார்ப்பாரில்லை.

ஜப்பான் அரசினர் இதன்பின் சும்மா இருந்தாரல்லர். 2014 முதல், மோட்டார்ப் பாதையிலுள்ள சுரங்கங்களையும் பாலங்களையும் ஐந்தாண்டிற்கு ஒருமுறை, கை எட்டும் அளவிற்கு அருகிற் சென்று கண்ணாற் பார்த்தல் வேண்டுமென்று விதித்தனர். நிலைமையை நான்கு தரமாகப் பிரித்து எழுதவும் ஆணையிட்டனர். அத்தேசத்துப் பாதைகளிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சுரங்கங்கள் இருத்தலின், இது சிறிய வேலையன்று. 2019-இல் அவ்விதிமுறையைத் திருத்தி, அருகிற் சென்று பார்ப்பதற்கு ஒப்பான அறிவைத் தரும் கருவிகளையும் பயன்படுத்தலாம் என்றனர். இத்திருத்தம் தக்கதே. ஆனால் ‘ஒப்பான’ என்னும் சொல்லிலேதான் எல்லாம் தொங்குகின்றது. ஒப்பானதென்று எவர், எதைக்கொண்டு அளப்பது?

இப்பொழுது பெரும்பாலும் வழங்கும் ஏற்பாடு யாதெனின், வண்டி முதலில் ஓடிச் சந்தேகமுள்ள இடங்களைக் குறித்துக்கொடுக்கும். தொழிலாளர் அவ்விடங்களுக்கு மட்டும் ஏறித் தட்டிப் பார்ப்பர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். சந்தேகமில்லாத இடத்திற் காலத்தைப் போக்குவானேன்? ஆயினும் இதனுள் ஒரு மறைபொருள் உண்டு. வண்டி குறித்த இடத்தில் மட்டும் தட்டினால், வண்டி வீணாகச் சந்தேகித்த இடங்கள் எவை என்பது தெரியவரும்; வண்டி சந்தேகிக்கத் தவறிய இடங்கள் எவை என்பது என்றும் தெரியவராது. ஆண்டுதோறும் அறிக்கை அழகாக வரும். கருவியின் புகழ் வளரும். அது காணாமற் விட்டதை அறிவிப்பது, வீழும் கான்கிரீட்டு ஒன்றே.

நம் கல்லூரியிலுள்ளார்க்கு இதனை விளக்குவது எளிது. பரீட்சை விடைத்தாள்களைத் தலைமைப் பரீட்சகர் மீண்டும் பார்க்குங்கால், தேறாதவர் தாள்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அநியாயமாகத் தோற்றவர் சிலரைக் கரையேற்றலாம். அநியாயமாகத் தேறியவரை அவர் எவ்வாறு அறிவார்? ஆதலாலன்றோ தேறியவர் தாள்களிலும் சிலவற்றைக் கைக்கு வந்தபடி உருவிப் படித்துப் பார்க்கின்றார்? அவ்வாறே, வண்டி ‘நன்று’ என்று விட்டுச்சென்ற சுவரிலும் ஒரு பங்கைச் சீட்டுக்குலுக்கித் தேர்ந்து, மனிதர் ஏறித் தட்டிப் பார்த்தல் வேண்டும். இதுவே யான் வற்புறுத்துவது. அப்பங்கு பத்தில் ஒன்றாயிருக்கலாம், இருபதில் ஒன்றாயிருக்கலாம். அதனை அத்துறை வல்லார் தீர்மானிக்கட்டும். ஆனால் அஃது ஒருபோதும் பூச்சியமாகக் கூடாது. வண்டி செல்ல இயலாத மேற்கூரையும் பின்புறமும் எவையென ஒவ்வொரு அறிக்கையின் முகப்பிலும் எழுதுதலும் வேண்டும். கண்டதை மட்டும் எழுதும் அறிக்கை பாதி அறிக்கையே. காணாததையும் எழுதினால்தான் அது முழுமை பெறும்.

எம் நண்பர் இதற்கு இரண்டு மறுப்புக் கூறினார். முதலாவது, செலவு. பாதையை அடைத்து மேடை கட்டுவதே பெருஞ்செலவென்றும், அதனைத் தவிர்க்கவே வண்டி வந்ததென்றும் சொன்னார். உண்மையே. ஆயினும் வண்டியால் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியை வண்டியைச் சோதிப்பதற்கே செலவிடுவது அநியாயமாகாது. இரண்டாவது மறுப்பே வலியது. “ஏணிமேல் நிற்கும் தொழிலாளியும் மனிதனல்லனோ? அவன் தவறி வீழ்ந்தால்?” என்றார். இதற்கு யான் உடனே விடை கூறவில்லை. நெடுநேரம் சிந்தித்தேன். இரவு முழுவதும் வண்டி போகும் பாதையோரத்தில் அண்ணாந்து நிற்பது அபாயமான தொழில்தான். சோதனை வண்டியின் பயனாக அவ்வாறு நிற்கும் இரவுகள் நூற்றில் தொண்ணூறு குறையுமாயின், அதுவே அக்கருவிக்குப் போதிய புகழ். எஞ்சிய பத்து இரவுகளையும் நீக்கிவிட்டால், அவ்வபாயம் மறைவதில்லை. தொழிலாளியின் தலையினின்றும் இறங்கி, ஒன்றுமறியாது கீழே செல்லும் குடும்பத்தின் தலைமேல் ஏறுகின்றது. தொழிலாளிக்குத் தலைக்கவசமும், தாங்குகயிறும், பக்கத்தில் ஓர் ஆளும் உண்டு. ஸஸாகோவிற் சென்றவர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

இன்னுமொன்று. தட்டிக் கேட்கும் வித்தை புத்தகத்திற் படித்து வருவதன்று. மழுங்கிய ஒலியிலும் பலவகையுண்டு. இந்த ஒலியானால் மேற்றோல் பிரிந்தது, இந்த ஒலியானால் ஆழத்திற் பொந்துள்ளது என்பதை, மூத்தோர் அருகில் நின்று பல ஆண்டு தட்டியே பழகுகின்றனர். ஒரு தலைமுறை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டால், வண்டி சந்தேகித்துக் காட்டும் இடத்திற்கும் ஏறிச்சென்று தீர்ப்புச் சொல்ல ஆளிருக்காது. கருவிக்குக் கற்பிக்கும் படங்களில் ‘இது பிரிந்த சுவர்’ என்று முதன்முதற் குறித்துக்கொடுத்தவரும் அத்தொழிலாளரே அன்றோ?

எம் நண்பர் முற்றும் இணங்கவில்லை. யானும் அவரை விடவில்லை. விடைபெறும்போது அவர் கூறிய செய்தியொன்று மட்டும் எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது. விபத்திற்குப் பின் ஸஸாகோ சுரங்கத்தில் எஞ்சியிருந்த தட்டுக்கூரையை முழுதும் அகற்றிவிட்டு, காற்றோட்டத்திற்கு வேறு வழி செய்துகொண்டனர். இப்பொழுது அதனுள் ஓடும் வண்டிக்குத் தலைக்குமேல் உச்சிவளைவு வரையில் மறைப்பு ஒன்றுமில்லை.